மூன்றாம் பெட்டிக்குள் ஒரு குண்டுவீச்சு விமானம்

தேயிலைக்கு மூக்கு உண்டு. தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இது தெரியும், மற்றவர்கள் நம்பமாட்டார்கள். பக்கத்தில் ஒரு வெங்காயத்தை உரித்து வைத்தால் வெங்காய மணத்தை இழுத்துக்கொள்ளும். சோப்பை வைத்தால் சோப்பு மணத்தை. இழுத்ததை மறக்கவும் மறக்காது. கொழும்புக்குப் போய், கப்பலேறி, எங்கோ ஒரு குளிர் நாட்டில் யாரோ ஒருவரின் கோப்பையில் சுடுதண்ணீர் பட்ட அந்த நிமிடத்தில், பதுளைப் பக்கத்து மலையில் தனக்கு நடந்த அநியாயத்தை ஒன்றுவிடாமல் சொல்லிவிடும்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கே எனக்குச் சம்பளம் தந்தார்கள். தெரிந்திருந்தும் செய்தேன் என்பதால்தான் இதை இத்தனை வருடம் எழுதாமல் இருந்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், ஹாலிஎலையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் வரும் ஒரு தோட்டத்தில் உதவி டீமேக்கராக இருந்தேன். வயது இருபத்து மூன்று. (பதுளைக் கடைவீதியில் என் அம்மா, “எம் மகன்தான் அந்த இஸ்டோரையே பாத்துக்கிறான்” என்று சொல்லி வைத்திருந்தார். தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர்.) உண்மையில், சலிக்கிற அறைக்கும் மூட்டை கட்டுகிற அறைக்கும் நடுவில் ஓர் அட்டையையும் பென்சிலையும் பிடித்துக்கொண்டு நிற்பவன் நான். நின்றபடியே எங்காவது போய்விடுவேன். உடம்பு அங்கேயே இருக்கும், ஆள் இருக்கமாட்டான்.

இஸ்டோரை உண்மையிலேயே பார்த்துக்கொண்டவர் பெரிய டீமேக்கர் சேவியர் ஐயா. மெலிந்த மனிதர். அவருடைய நாக்குதான் தோட்டத்தின் சொத்து. ஜூலை பிறந்தால் மிளகாயைத் தொடமாட்டார், வெற்றிலை போடமாட்டார், வாசனைச் சோப்புப் போட்டுக் குளிக்கமாட்டார். ஏனென்றால் அது கச்சான் காற்று வீசும் காலம். மலை இடுக்குகளின் வழியாக வறண்ட காற்று அடித்து, கொழுந்து செடியிலேயே வாடத் தொடங்கும். அந்த ஆறேழு வாரத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு ஒரு தனி மணம் வரும். புதினாவை நினைத்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீர் குடித்தது போல, தொண்டையில் சில்லென்று இறங்கும். கொழும்பில் அதற்காகவே காத்திருப்பார்கள். சேவியர் ஐயா மற்ற மாதங்களில் சும்மா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அந்தக் காலத்தில் சலிக்கிற அறைக்குள் மல்லிகைப்பூ கூடாது, பவுடர் கூடாது, தலைவலித் தைலம் கூடாது. வாசலில் நின்று மோப்பம் பிடித்து அனுப்புவது என் வேலை. சலிப்பில் மூத்தவரான மாரியாயி அக்காவை ஒரு நாள் பூ வைத்திருந்ததற்காக வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

“ஏன் சார், எந் தலையில இருக்கிற நாலு பூவா கொழும்பு வரைக்கும் மணக்கப்போவுது?” என்று கேட்டார்.

“தேயிலைக்கு மூக்கு இருக்கு அக்கா” என்றேன், நானே கண்டுபிடித்தவன் போல. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு மிடுக்காகப் பேசியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இனி விமானத்துக்கு வருகிறேன்.

தோட்டத்து உதவி மேனேஜரான எங்கள் சின்ன துரை வேலையை விட்டு வெளிநாடு போனபோது பங்களாச் சாமான்களைப் புல்வெளியில் பரப்பி விற்றார். நான் இஸ்திரிப் பெட்டி வாங்கப் போனேன். இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. மூடியில் ஒரு படம்: நிலா வெளிச்சத்தில் மேகங்கள், மேகங்களுக்கு மேல் நான்கு எஞ்சினும் இரட்டை வாலும் கொண்ட பெரிய குண்டுவீச்சு விமானம். அதன் மூக்கில் ஒரு கண்ணாடிக் குமிழ். குமிழுக்குள் ஒருவன் குப்புறப் படுத்துக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டாம் உலகப்போரில் பறந்த விமானத்தைச் சின்னத் துண்டுகளாகச் செய்து வைத்திருந்தார்கள். நாமே ஒட்டி, வர்ணம் பூசிக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. நிமிர்ந்தபோது இஸ்திரிப் பெட்டியை யாரோ வாங்கிப் போயிருந்தார்கள். அந்த வருடம் முழுக்க நான் கசங்கிய சட்டையோடு திரிந்ததன் காரணம் அதுதான்.

குவாட்டர்ஸில் என்னோடு இருந்தவன் குகன், தோட்ட ஒஃபிஸ் கிளாக்கர். யாழ்ப்பாணத்துப் பையன்; வீட்டார் எல்லாரும் அங்கேதான். அம்மாவின் கடிதம் வர மாதக்கணக்கில் ஆகும். வந்த கடிதத்தை அவன் உடனே பிரிக்கமாட்டான். முதலில் கை கால் கழுவிக்கொண்டு வருவான்.

நான் பெட்டியைத் திறந்து மேசையில் பரப்பியதும் எட்டிப் பார்த்தான்.

“உது என்ன ஐசே?”

“குண்டு போடுற விமானம்.”

“பொம்மரோ?” அவன் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தான். “நாங்கள் உதைக் கண்டு ஓடித் திரியிறம். நீர் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வந்து ஒட்டப் போறீர்.”

எனக்கு முகம் எரிந்தது. மூடிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் அவனே நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தான். “சரி, ஒட்டும். கை நடுங்காமல் ஒட்டும்” என்றான்.

மே மாதத்து வெசாக் பண்டிகை கழிந்த பிறகு பிற்பகல்களில் எனக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு கிடைக்கும். அந்த இரண்டு மணி நேரம் எப்படி இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் கண் செருகுகிறது. மலைச்சரிவில் இருந்து மூடுபனி ஏறி வந்து ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து மேசையோரத்தில் தங்கும். பசையின் வாசனை தலைக்குள் போய் இறங்கும். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டத்தில் இருந்து ஒவ்வொரு துண்டாக நறுக்கி எடுத்து, பிசிறைச் சுரண்டி, ஒட்டிப் பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணுவேன். ஐம்பதைத் தாண்டும்போது தோட்டம் கீழே போய்விடும். தொழிலாளர் குடியிருக்கிற லயங்களின் தகரக் கூரைகள், கொழுந்துக் கூடைகள், பஸ் பாதை எல்லாம் பனிக்கடியில் மறையும். நான் அந்தக் கண்ணாடிக் குமிழுக்குள் குப்புறப் படுத்திருப்பேன். குண்டு போடுகிற எண்ணமெல்லாம் எனக்கு இருந்ததில்லை. மேலே இருந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான். நான் விமானத்தில் ஏறியதில்லை. பதுளை ஆஸ்பத்திரியின் மாடிதான் நான் ஏறிய அதிக உயரம், அதுவும் குடலிறக்கத்துக்காக.

எண்ணிக்கை நூறைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும். விமானத்தின் இறக்கையோடு என் பெருவிரலும் ஒட்டியிருக்கும்.

வயிற்றுப் பக்கம் வந்தபோது பதினான்கு குண்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நெல்மணியை விடக் கொஞ்சம் பெரிது. நான் அவற்றுக்குக் கறுப்புப் பூசி வரிசையாகக் காய வைத்திருந்தேன். குகன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“எல்லாத்தையும் ஒட்டும். குண்டை மட்டும் ஒட்டாதையும்” என்றான்.

“ஏன்?”

“சும்மா. எனக்காக.”

நான் ஒட்டவில்லை. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. பதினான்கையும் வயிற்றுக்குள் சும்மா போட்டு, கதவை ஒரு பொட்டுப் பசையால் லேசாக மூடினேன். நண்பனுக்கும் நியாயம், விமானத்துக்கும் நியாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

வர்ணத்தில்தான் வினை தொடங்கியது. பெட்டிக்குள் இருந்த சின்னப் போத்தல்கள் எல்லாம் கல்லாகக் காய்ந்திருந்தன. படத்தில் மேல்பக்கம் பச்சையும் மண்நிறமும், அடிப்பக்கம் கறுப்பு. தோட்டத்தில் கிடைக்கக்கூடிய பச்சை ஒன்றே ஒன்று: லயக் கதவுகளுக்கு அடிக்கிற பச்சை. கறுப்புக்கு, தேயிலை மூட்டைகளில் தோட்டத்தின் பெயரை அடிக்கிற மை. மண்நிறத்துக்கு வார்னிஷ். இவை எல்லாவற்றையும் இளக்குவதற்கு டர்பன்டைன், ஒரு போத்தல் நிறைய.

அடிப்பக்கத்துக்குக் கறுப்புப் பூசும்போது குகன் விமானத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் மங்கல்” என்றான். பிறகு அதைத் திருப்பி மேல்பக்கத்தைப் பார்த்தான். “நான் ஒருநாளும் மேல்பக்கம் பாக்கேல்லை ஐசே” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். நான் தூரிகையைக் கழுவினேன்.

அதற்குள் ஜூலை வந்துவிட்டது. பனி போய்க் கச்சான் வந்தது. தகரக் கூரை படபடவென்று அடித்தது. ஜன்னலை மூடினாலும் பாதையின் செம்மண் தூசி உள்ளே வந்து ஈர வர்ணத்தில் அப்பிக்கொண்டது. மூன்று முறை சுரண்டி மூன்று முறை பூசினேன். நான்காம் முறை விமானத்துக்குத் தாடி முளைத்திருந்தது. காற்றே படாத, தூசியே இல்லாத, இளஞ்சூடான ஓர் இடம் இந்த மலையில் எங்கே இருக்கிறது?

நின்றபடி யோசித்துக்கொண்டிருந்த என் முதுகு அந்த இடத்தின் மீதுதான் சாய்ந்திருந்தது.

சலித்த தேயிலையை மூட்டை கட்டும் வரை சேர்த்து வைக்கிற மரப்பெட்டிகள் எங்கள் இஸ்டோரில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் அலமாரியைவிடப் பெரியது. உள்ளே தகரம் அடித்திருக்கும். மேலே கொட்டுவதற்கு ஒரு மூடி, கீழே எடுப்பதற்கு ஒரு வாய். மூன்றாம் நம்பர் பெட்டி அந்தச் சனிக்கிழமை காலியாக இருந்தது. அடுத்த நாள் ஞாயிறு, சலிப்பு இல்லை. திங்கள் காலையில் யாரும் வருவதற்கு முன் எடுத்துவிட்டால் போதும்.

(மல்லிகைப்பூவுக்கு ஒரு பெண்ணை வீட்டுக்கு அனுப்பியவன்தான் இதை யோசித்தான். தயவுசெய்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

சனிக்கிழமை பின்னேரம் விமானத்தைக் கட்டியிருந்த சாரத்துக்குள் மறைத்துக் கொண்டுபோய், பெட்டியின் உள்சுவரில் இருந்த ஆணியில் சணல் கட்டித் தொங்கவிட்டேன். அந்தக் கமகமக்கும் இருட்டில், ஈர வர்ணம் மினுங்க, அது அசைந்து அசைந்து நின்றது. அவ்வளவு அழகாக நான் எதையும் பார்த்ததில்லை. மூடியைச் சாத்திவிட்டுப் பதுளைக்கு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலை ரயிலில் வந்து ஹாலிஎலையில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். ஜன்னலோர இடம் கிடைத்தது. பள்ளத்தாக்கில் பஞ்சுப் பொதி போல மேகம் கிடந்தது. ரயில் அதற்கு மேலே போய்க்கொண்டிருந்தது. நான் என் விமானத்தை அந்த மேகத்தின் மேல் மெதுவாக விட்டேன். இடது பக்கம் சாய்த்தேன். ஓர் எஞ்சினை நிறுத்திப் பார்த்தேன். மறுபடி முடுக்கினேன். யாரோ, “தம்பி, கொஞ்சம் தள்ளி இருங்க” என்று தோளைத் தொட்டபோது வெளியே பார்த்தால், தெமோதரை.

ஹாலிஎலை எனக்குத் தெரியாமலே வந்து போயிருந்தது.

திரும்பிப் போக பஸ் பிடித்து, அதிலிருந்து இறங்கி இன்னொரு பஸ்ஸில் ஏறித் தோட்டத்துக்கு வந்தபோது மணி பத்தரை. ஓடிப்போய் மூன்றாம் பெட்டியின் மூடியைத் தூக்கினேன். பெட்டி நிறைய, வருடத்தின் முதல் கச்சான் தேயிலை. கறுப்பாக, நேர்த்தியாக, சமமாகப் பரவிக் கிடந்தது. அதன் நடுவில் இரட்டை வால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வாலைப் பிடித்து இழுத்தேன். சணல் அறுந்திருந்தது. விமானத்தின் அடிப்பக்கம் முழுக்கத் தேயிலை ஒட்டி, கம்பளி போர்த்தியது போல வந்தது. வயிற்றுக் கதவைக் காணவில்லை. உள்ளே ஒரு குண்டும் இல்லை. உலகப்போர் முடிந்து ஐம்பது வருடம் கழித்து, இந்த விமானம் தன் கடமையைச் செய்திருந்தது.

விமானத்தைக் குவாட்டர்ஸில் ஒளித்துவிட்டு வந்து, பகல் உணவு நேரத்தில் எல்லாரும் வெளியே போனதும் பெட்டிக்குள் பாதி உடம்பை விட்டுக் கையால் அளைந்து தேடினேன். பதினொன்று கிடைத்தன. மூன்று கிடைக்கவில்லை. கறுப்புத் தேயிலைக்குள் கறுப்புக் குண்டு. நெல்மணி அளவு. யார் கண்ணில் படப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மணம்? கொஞ்சம்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அப்போதே சேவியர் ஐயாவிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போனேன். அவர் அறை வாசல் வரை போனேன்.

அவர் அந்தத் தேயிலையைத்தான் சுவைத்துக்கொண்டிருந்தார். கரண்டியில் எடுத்து உறிஞ்சி, வாய்க்குள் உருட்டி, துப்பிவிட்டுக் கண்ணை மூடினார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“டேய் யோகம், இங்க வாடா!” என்றார். (என் பெயர் யோகராஜ். யோகம் என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான்.) “வந்திருச்சிடா! கச்சான் வந்திருச்சி! முதல் நாளே இப்படி மணம் நான் பாத்ததில்ல. புதினா மாதிரி இருக்கு... இல்ல, யூக்கலிப்டஸ்... இல்லடா, அதுக்கும் மேல. என்னமோ மூக்குல போய் ஏறுது பாரு!”

“ஆமாங்க ஐயா” என்றேன். “ஏறுதுங்க.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. டர்பன்டைனா, சந்தோஷமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தோட்டத்து மேனேஜரான துரையைக் கூட்டிவந்து சுவைக்கக் கொடுத்தார். துரை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் தலையை ஆட்டி, போகிற வழியில் என் தோளிலும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது.

புதன்கிழமை லொறி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போனது. அடுத்த பத்து நாளும் நான் சரியாகச் சாப்பிடவில்லை. கண்ணை மூடினால் பெரிய பெரிய தேநீர்க் கோப்பைகளுக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன். கீழே ஆவி மேகமாக எழும்பும். வயிற்றுக் கதவு தானாகத் திறக்கும். “வேணாம், வேணாம்” என்று கத்துவேன். குகன் உலுப்பி எழுப்பி, “என்ன ஐசே, எங்க போட்டனீர்?” என்று கேட்பான்.

பதினோராம் நாள் காலையில் ஒஃபிஸுக்குத் தொலைபேசி வந்தது. எங்கள் தோட்டத்து லைனில் பேசுவது கிணற்றுக்குள் இருப்பவரோடு பேசுவது போல. துரையே எடுத்துப் பேசினார். கொழும்பில் தேயிலையைச் சுவைத்துப் பார்க்கிற தரகரின் ஆள் பேசியிருக்கிறார். இரைச்சலுக்கு நடுவில் துரைக்கு விளங்கியது இரண்டே விஷயம்: நம் தேயிலையில் ஏதோ பெரிய பழுது, தேயிலைக்குள் குண்டு. அத்தோடு லைன் அறுந்துவிட்டது.

அந்தக் காலத்தில் கொழும்பில் குண்டு என்ற சொல்லைக் கேட்டால் யாரும் அளவைக் கேட்கமாட்டார்கள்.

இஸ்டோர் சங்கு நேரம் கெட்ட நேரத்தில் ஊதியது. எந்திரங்கள் நின்றன. கொழுந்து உருட்டுகிற ஆட்கள், சலிக்கிற பெண்கள் எல்லாரும், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்கு ஓடி வந்து கூடினோம். துரை படியில் நின்றார். சிங்களவர், எங்களோடு தோட்டத் தமிழில்தான் பேசுவார். முகம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருந்தது.

“யாரும் உள்ள போறது இல்ல! நம்ம தேயிலையில குண்டு இருக்குன்னு கொழும்புல சொல்றாங்க. நான் பொலிஸுக்குச் சொல்லப் போறேன். எல்லாம் ஆளும் இங்கயே நிக்கணும்!”

காற்று மட்டும் அடித்தது. எனக்குப் பக்கத்தில் குகன் நின்றான். அவன் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனதைப் பார்த்தேன். அங்கேதான் அவனுடைய அடையாள அட்டை இருந்தது. அதில் யாழ்ப்பாணத்து முகவரி இருந்தது. பொலிஸ் வந்தால் முதலில் யாரை ஜீப்பில் ஏற்றுவார்கள் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் குனிந்து மெதுவாகக் கேட்டான்: “ஐசே, உம்முடைய சாமானோ?”

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்கூடத்தில் வெளியே போக அனுமதி கேட்பது போல.

“சேர்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி கத்தினேன்: “சேர்! அந்தக் குண்டு என்னோடதுங்க!”

என்னைச் சுற்றி நின்றவர்கள் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள். களத்தின் நடுவில் ஒரு வட்டம் விழுந்தது. வட்டத்தின் நடுவில் கசங்கிய சட்டையோடு நான்.

“இந்தப் புள்ளையா?” என்று மாரியாயி அக்காவின் குரல் மட்டும் கேட்டது.

“சின்னக் குண்டுதான் சேர்!” விரலால் அளவு காட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உண்மை பேசத் தொடங்கிவிட்டால் முழுவதையும் பேசிவிட வேண்டும் என்று அந்த நேரம் பார்த்து எனக்குத் தோன்றியது. “இன்னும் ரெண்டு இருக்குங்க!”

கூட்டம் ஓடியது. சும்மா இல்லை, சிதறி ஓடியது. கணக்கப்பிள்ளை ஒருவர் தேயிலைச் செடிகளுக்குள் தலைகீழாகப் பாய்ந்தார். சேவியர் ஐயா சுவைக்கிற கரண்டியைக் கையில் பிடித்தபடியே ஓடினார். துரை படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குகனும் ஓடினான். ஆனால் அவன் ஓடியது குவாட்டர்ஸுக்கு. சரிவில் இறங்கி மறைந்தான். நான் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்: பெட்டி, படம், பசை, லயக்கதவுப் பச்சை. யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. துரை, “நீ இருக்கிற எடத்துலயே நில்லு” என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

அப்போதுதான் அது வந்தது.

சரிவுக்குக் கீழே, பச்சைச் செடிகளுக்கு மேலே, முதலில் இரட்டை வால் தெரிந்தது. பிறகு இறக்கைகள். குகன் அதைத் தலைக்கு மேலே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். செடிகள் அவனை மறைத்திருந்தன. விமானம் மட்டும் தெரிந்தது. கச்சான் காற்றில் சாய்ந்தும் நிமிர்ந்தும், பாதையின் வளைவுக்கு வளைந்தும் அது மலையை ஏறி வந்தது. நான்கு காற்றாடிகளும் காற்றில் சுழன்றன. ஒளிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள். நானும், என் வேலை போகப்போகிறது என்பதை மறந்து, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அது பறந்தது. என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, ஒரு முந்நூறு அடி தூரம், அது பறந்தது.

குகன் மூச்சிரைக்க அதைத் துரையின் கையில் கொடுத்தான். “இதுதான் சேர் பொம்மர்” என்றான். “குண்டு இதின்ரை வயித்துக்குள்ள இருந்தது.”

துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த தேயிலையைச் சுரண்டினார். மோந்து பார்த்தார். பிறகு, அதற்குள் கூட்டத்தோடு திரும்பி வந்திருந்த சேவியர் ஐயாவிடம் நீட்டினார்.

சேவியர் ஐயா மோந்தார். அவர் முகம் மாறியதைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை. புதினாவும் யூக்கலிப்டஸும் அதற்கும் மேலான ஒன்றும் என்னவென்று அந்த நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. துரை பார்த்துக்கொண்டிருந்தார். களம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் விமானத்தை என்னிடம் கொடுத்துவிட்டு இஸ்டோருக்குள் போனார்.

மாரியாயி அக்கா என் எதிரில் வந்து நின்றார். இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

“மல்லியப்பூ ஆகாது. ஏரோப்பிளேன் ஆகுமா சார்?”

களம் சிரித்தது. துரைகூடச் சிரித்தார் என்று பிறகு சொன்னார்கள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

லைன் மறுபடி கிடைத்ததும் கொழும்பிலிருந்து முழு விவரமும் வந்தது. சுவைக்கிறவர் கோப்பைக்கு அளந்து எடுத்த தேயிலையில் குண்டு மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் சாமான் இருந்ததாம். தேயிலை முழுக்க வர்ண வாடையாம். மற்ற இரண்டு குண்டும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது.

என்னை இஸ்டோரிலிருந்து எடுத்து மலையில் கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு அனுப்பினார்கள். வெயிலிலும் காற்றிலும் ஒரு வருடம். அது எனக்குப் பெரிய தண்டனையாகத் தெரியவில்லை. சேவியர் ஐயாதான் தண்டனை. மூன்றாம் நாள் அவர் வீட்டுக்குப் போய், வாசலில் நின்று, “மன்னிச்சிக்குங்க ஐயா” என்றேன்.

“நீ பெட்டிக்குள்ள வச்சது தப்புத்தான்” என்றார். “ஆனா நான் கண்ண மூடிக்கிட்டு ஆகா ஆகான்னேனே, அது ஒன் தப்பில்லடா. கச்சான் வரணும், வரணும்னு இருந்தேன். வந்த மாதிரியே இருந்துச்சி.” அதற்குப் பிறகு கொஞ்சம் சிரித்தார். “நல்லாத்தான்டா இருந்துச்சி, பாவி.”

பழுதான தேயிலை லொறியில் திரும்பி வந்தது. பெரும்பகுதி செடிகளுக்கே உரமாகப் போனது. ஒரு மூட்டையை மட்டும் துரை எங்கள் குவாட்டர்ஸுக்கு அனுப்பி வைத்தார். தீரும் வரை வேறு தேயிலை கிடையாது என்று சொல்லியனுப்பினார். முதல் நாள் குகன்தான் போட்டான். பாலில்லாமல், சீனி தூக்கலாக; எங்கள் நாட்டில் அதற்குப் பிளேன்டீ என்று பெயர். இரண்டு கோப்பையிலும் வார்னிஷ் வாடை ஆவியாக எழும்பியது. அவன் ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, சேவியர் ஐயா மாதிரியே வாய்க்குள் உருட்டி விழுங்கினான்.

“ஐசே, இவ்வளவு நாளும் குடிச்சதெல்லாம் சும்மா. இதுதான் உண்மையான பிளேன்ரீ” என்றான்.

இரண்டு நிமிடம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. அடுத்த நாள் அது ஒஃபிஸுக்குப் போனது. அந்த வாரத்துக்குள் லயம் லயமாகப் போனது. மாத முடிவில் நான் பதுளைக்குப் போனால், பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் ஒருவர் என்னைக் கண்டு, “தம்பிக்கு என்ன, பிளேன்டீதானே?” என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கண்ணடித்தார். இரண்டு வருடம் கழித்து எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில், தட்டை ஏந்தி வந்த பெண் தலையைக் குனிந்தபடியே, “பிளேன்டீயா, பால் டீயா?” என்று கேட்டாள். கூடம் முழுக்கக் குலுங்கிச் சிரித்தது. அவளுக்கு முன்பே எல்லாம் தெரிந்திருந்தது. நான் பிளேன்டீ என்றேன். கல்யாணம் நடந்தது.

போன வருடம் அப்பா இறந்துபோனார். பதுளை வீட்டில் ஊரெல்லாம் கூடியிருந்தது. அம்மா இரண்டு நாளாகத் தலையை நிமிர்த்தவில்லை. யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காகத் தம்பி மகள் தட்டோடு வந்து, சின்னக் குரலில், “பெரியப்பா, பிளேன்டீ எடுங்க” என்றாள்.

அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உடனே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அவர் என் தோளில் சாய்ந்தார். உடம்பு குலுங்கியது. சுற்றியிருந்த பெண்கள், “அழு தாயி, அழுது தீத்துரு” என்று முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அம்மா அழவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.